பொதுக்கொள்கை படிக்க எந்தப் பல்கலைக்கழகம்? பெயர் பார்ப்பது கடைசி வேலை

2025 மே மாதம், ஹார்வர்டு பல்கலைக்கழகம் இனி வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்க அரசு உத்தரவு போட்டது. மறுநாளே நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆனால் அங்கே பொதுக்கொள்கை கற்றுத்தரும் கென்னடி ஸ்கூலில் பாதிக்கு மேல் வெளிநாட்டு மாணவர்கள். அவர்களுக்கு விசா கிடைக்காமல் போனால் கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து படிப்பைத் தொடரலாம் என்று ஒரு மாற்று ஏற்பாடே செய்யவேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஏழை நாடுகளுக்கான அமெரிக்க உதவித் திட்டங்களை நடத்திவந்த யு.எஸ்.எய்ட் அமைப்பு தனி அமைப்பாக இல்லாமல் போனது. பொதுக்கொள்கை படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்துவந்த ஒரு துறைக்கு அது பெரிய அடி. செப்டம்பரில், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் புதிதாகக் கேட்கப்படும் எச்-1பி வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் பலர் "அப்படியென்றால் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை சில இருக்கின்றன. படித்து முடித்தபின் எந்த மாதிரி இடத்தில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பது தெரிந்தால் பல்கலைக்கழகப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். அது தெரியாமல் ஹார்வர்டா ஆக்ஸ்ஃபோர்டா என்று பேசிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை. அடிப்படையிலிருந்தே வருவோம்.

இந்தப் படிப்பில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

அரசு ஒரு பிரச்சினையில் என்ன செய்யவேண்டும், எவ்வளவு செலவாகும், யாருக்குப் போய்ச் சேரும், செய்தபின் உண்மையிலேயே பலன் இருந்ததா என்று ஆராய்வதுதான் பொதுக்கொள்கைப் படிப்பு. கேட்க எளிமையாக இருக்கும். ஒரு உதாரணத்தோடு பார்த்தால்தான் சிக்கல் புரியும்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். யாருக்கு என்பதற்கு அளவுகோல் வைத்தார்கள்: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். விண்ணப்பித்தவர்கள் சுமார் 1.63 கோடி, முதல் சுற்றில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி. இங்கேதான் ஒரு கொள்கை ஆய்வாளரின் வேலை ஆரம்பமாகிறது. 3,600 யூனிட் என்ற எல்லை ஏன்? மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் வாழும் வீட்டில் அது யாரை வெளியே தள்ளும்? தகுதி இருந்தும் விடுபட்டவர்கள் எத்தனை, தகுதி இல்லாமல் உள்ளே வந்தவர்கள் எத்தனை, இந்த இரண்டு தவறுகளில் எதைக் குறைக்க அரசு அதிகம் மெனக்கெட வேண்டும்? வடிகட்டுவதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் கணக்குப் பார்த்தால், எல்லோருக்கும் கொடுத்துவிடுவது மலிவாக இருக்குமா?

கடைசிக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் பழையது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தபோது தமிழ்நாடு அரிசியை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. அது சரியா தவறா என்பதைக் கட்சிக்காரர் ஒரு விதமாகப் பேசுவார், பொருளாதாரம் படித்தவர் இன்னொரு விதமாகப் பேசுவார். பொதுக்கொள்கை படித்தவர் எண்களையும் அரசியலையும் நிர்வாகத்தின் கொள்ளளவையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும். அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் படிப்பு அரைகுறைதான்.

இன்னொரு பக்கம், பலன் இருந்ததா என்று அளப்பது. கொரோனாவுக்குப் பிறகு 2021இல், தன்னார்வலர்கள் வீட்டருகே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரோடு சேர்ந்தவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள், மூடியிருந்த காலத்துக் கற்றல் இழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்துக்கு இந்தத் திட்டம் காரணம் என்றும் கண்டார்கள். "திட்டம் வந்தது, குழந்தைகள் தேறினார்கள்" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். பள்ளி திறந்ததால் வந்த பலன் எவ்வளவு, திட்டத்தால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் புள்ளியியல் வேண்டும். இதற்குத் தாக்க மதிப்பீடு என்று பெயர். நல்ல பொதுக்கொள்கைப் பள்ளி என்பது இதைக் கையில் செய்துபார்க்க வைக்கும் பள்ளி.

பட்டங்களின் பெயர்கள்

இதில் ரொம்ப நேரம் செலவழிக்கத் தேவையில்லை. பொதுக்கொள்கை முதுகலை என்பது பெரும்பாலும் ஆய்வுப் பக்கம் சாய்ந்தது, வேலைக்குப் புதியவர்கள் அல்லது இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் சேர்வது. பொது நிர்வாக முதுகலை நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்தது, பல இடங்களில் அனுபவசாலிகளுக்கானது. ஆனால் இந்தப் பிரிவினை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பிரின்ஸ்டனில் பொது நிர்வாக முதுகலை என்ற பெயரில் நடப்பது கணக்கும் பொருளாதாரமும் நிறைந்த இரண்டாண்டுப் படிப்பு. கென்னடி ஸ்கூல் ஒன்றிலேயே நான்கு வகை உண்டு: சாதாரண இரண்டாண்டுப் பொதுக்கொள்கைப் படிப்பு, ஏற்கெனவே வேறு மேற்படிப்பு படித்தவர்களுக்கான ஒன்று, பன்னாட்டு வளர்ச்சி என்ற பெயரில் உயர்கணிதம் தெரிந்தால்தான் உள்ளேயே விடும் ஒன்று, குறைந்தது ஏழு ஆண்டு அனுபவம் கேட்கும் ஓராண்டுப் படிப்பு ஒன்று. ஆகவே பட்டத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள், பாடப்பட்டியலைத் திறந்து பாருங்கள்.

முதலில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்: இது ஐ.ஏ.எஸ்.ஸுக்கு வழியா?

வழியில்லை. நம் வீடுகளில் இந்தப் படிப்பை விளக்கும்போது "கவர்மென்ட் சம்பந்தப்பட்ட படிப்பு" என்று சொல்லிவிடுகிறோம், உடனே கலெக்டர் கனவு வந்துவிடுகிறது. இந்தியாவில் ஆட்சிப் பணிக்குத் தேர்வுதான் வாசல். எந்த இளங்கலைப் பட்டமும் போதும், ஆக்ஸ்ஃபோர்டில் பொதுக்கொள்கை படித்தவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடுதல் கிடையாது. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 32 என்பதால், இரண்டாண்டு படிப்பும் அதன் கடனைக் கட்ட வேலையும் என்று போனால் தேர்வுக்கான வயதுதான் கரையும்.

பக்கவாட்டு நியமனம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதாவது வெளியில் இருக்கும் நிபுணர்களை இணைச் செயலாளர் போன்ற மேல்பதவிகளுக்கு ஒப்பந்தத்தில் எடுப்பது. 2018இல் 10 இணைச் செயலாளர் பதவிகளுக்கு விளம்பரம் செய்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் 45 பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. விளம்பரம் வந்தது, இடஒதுக்கீடு இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்தப் பதவிகள் எப்படியும் நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கானவை, 24 வயதில் பட்டத்தோடு வருகிறவர்களுக்கு இல்லை.

வெளிநாட்டில் படித்துவிட்டு அந்த நாட்டு அரசில் சேரலாமா என்றால் அதுவும் கடினம். அமெரிக்க மத்திய அரசு வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான். இது சேருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம், பலருக்குப் போன பிறகுதான் தெரிகிறது. அந்த நாட்டு வகுப்புத் தோழர்கள் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள், வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கதவுகளில் பாதி மூடியிருக்கும்.

அப்படியானால் வேலை எங்கே?

இந்தியாவை மனதில் வைத்தே சொல்கிறேன்.

1. அரசுக்குள்ளே, ஆனால் அரசு ஊழியராக இல்லாமல். நிதி ஆயோக்கில் இளம் நிபுணர்கள், மாநில முதல்வர்களின் ஃபெலோஷிப்புகள், துறைச் செயலாளர்களுக்கு உதவும் திட்ட மேலாண்மைக் குழுக்கள். எல்லாம் ஒப்பந்த வேலை. கோப்பு எப்படி நகர்கிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் இடம் வேறு இல்லை. ஆனால் ஆட்சியோ செயலாளரோ மாறினால் உங்கள் நாற்காலியும் ஆடும்.

2. ஆய்வு நிறுவனங்கள். ஜே-பால் தெற்காசியா போன்ற மதிப்பீட்டு அமைப்புகள், டெல்லியின் தேசிய பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனம், நாடாளுமன்ற மசோதாக்களை அலசும் பி.ஆர்.எஸ். போன்றவை. அறிவுக்குத் தீனி இருக்கும், சம்பளம் சுமார்தான். பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லியின் சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச், நாட்டின் பெயர்பெற்ற ஆய்வு நிறுவனங்களில் ஒன்று. அதன் வெளிநாட்டு நிதி உரிமம் 2023இல் நிறுத்திவைக்கப்பட்டு 2024 ஜனவரியில் ரத்தானது, ஊழியர்களில் பெரும்பகுதியினர் வெளியேற வேண்டி வந்தது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நிதிச் சட்டமும், பெரிய அமைப்பு வாங்கிய பணத்தைச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடுத்துவிட்டது. ஆகவே இந்தத் துறையின் வேலைகள் எப்போதுமே கொஞ்சம் நடுக்கத்தில்தான் இருக்கும்.

3. கன்சல்டிங் நிறுவனங்களின் அரசுப் பிரிவு. எண்ணிக்கையில் அதிகம் வேலை தருவது இதுதான் என்பது என் கணிப்பு. முன்னே சொன்ன திட்ட மேலாண்மைக் குழுக்களில் பலவும் இந்த நிறுவனங்கள் நடத்துபவை. இங்கே பட்டத்தைவிட எக்செல்லும் தெளிவான எழுத்தும் பேசும்.

4. உலக வங்கி, ஐ.நா. போன்ற பன்னாட்டு அமைப்புகள். எல்லோருக்கும் ஆசை உள்ள இடம், கிடைப்பது மிகச் சிலருக்கு. இங்கே பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் ஊருக்கும் உண்மையாகவே மதிப்பு உண்டு, ஏனென்றால் வாஷிங்டனிலோ ஜெனிவாவிலோ படிப்பவருக்குக் குறுகிய கால ஒப்பந்தம் கிடைத்து அதிலிருந்து மேலே போவது வழக்கம். உலக வங்கி ஊழியர்களுக்கு எச்-1பி தேவையில்லை, அவர்களுக்கென்று தனி விசா வகை இருக்கிறது என்பது கூடுதல் தகவல்.

5. தனியார் நிறுவனங்களின் அரசு உறவுப் பிரிவு, தேர்தல் ஆலோசனை நிறுவனங்கள். இரண்டும் வளர்கின்றன. தேர்தல் வேலைக்குப் போவதற்காக யாரும் இரண்டாண்டு கடன் வாங்கிப் படிக்கத் தேவையில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஐந்தில் எது உங்களுடையது என்று தோராயமாகவாவது முடிவு செய்யுங்கள். நான்காவது என்றால் வெளிநாடும் பெரிய பெயரும் தேவைப்படலாம். முதலாவதும் மூன்றாவதும் என்றால் இந்தியாவிலேயே படிப்பது பெரும்பாலும் லாபம், தொடர்புகள் இங்கேதான் உருவாகும். இரண்டாவது என்றால் பொருளாதாரமும் புள்ளியியலும் எந்தப் பள்ளியில் ஆழமாக இருக்கிறதோ அதுதான் உங்கள் பள்ளி, அது பொதுக்கொள்கைப் பள்ளியாக இல்லாவிட்டாலும் சரி.

பாடத்திட்டத்தை எப்படி வாசிப்பது?

விளம்பரக் கையேட்டில் எல்லாப் பள்ளியும் "தலைமைத்துவம்", "மாற்றம்" என்று ஒரே மாதிரிதான் எழுதும். அதை ஒதுக்கிவிட்டு, பருவவாரியான பாடப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இவற்றைத் தேடுங்கள்.

1. கட்டாயப் பாடங்களில் எண் சார்ந்தவை எத்தனை? நுண்பொருளாதாரம், புள்ளியியல், அதற்கு அடுத்த கட்டமாகத் தாக்க மதிப்பீடு அல்லது பொருளாதார அளவியல், பொது நிதி. இந்த நான்கும் கட்டாயமாக இருந்தால் பள்ளி விஷயத்தைச் சீரியஸாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள். விருப்பப்பாடமாக வைத்திருந்தால், பெரும்பாலோர் அதை எடுக்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள். கணக்குக்குப் பயந்து இந்தப் பாடங்கள் குறைந்த பள்ளியைத் தேடுகிறவர்களும் உண்டு. வேலை தேடும்போது அந்தக் கணக்கு வட்டியோடு திரும்பி வரும்.

2. உண்மையான ஒரு அமைப்புக்காகச் செய்யும் இறுதிச் செயல்திட்டம் உண்டா? கென்னடி ஸ்கூல், பெர்க்லியின் கோல்ட்மேன் ஸ்கூல் போன்றவற்றில் மாணவர் ஒரு அரசுத் துறைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ அவர்களுடைய நிஜப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்து பரிந்துரை எழுதித் தர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பிளவாட்னிக் பள்ளியில் கோடையில் சில வாரம் ஒரு அமைப்பில் போய் வேலை செய்வார்கள். இந்தியப் பள்ளிகளிலும் இது இருக்கிறது, ஆனால் தரம் மிகவும் மாறுபடும். போன ஆண்டு மாணவர்கள் எந்தத் துறைக்கு என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்ளலாம்.

3. பாடம் நடத்துவது யார்? ஓய்வுபெற்ற அதிகாரிகள் இரண்டு மூன்று பேர் இருந்தால் நல்லது, அவர்கள் சொல்லும் கோப்புக் கதைகளுக்கு ஈடு கிடையாது. ஆனால் பட்டியல் முழுக்கச் சிறப்பு விருந்தினர்களாகவே இருந்தால் ஆய்வு முறைகளை உட்கார்ந்து திருத்திச் சொல்லித்தர ஆள் இருக்காது. முழுநேரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று ஆண்டில் என்ன வெளியிட்டிருக்கிறார்கள் என்று தேடினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

4. கொள்கைக் குறிப்பு எழுதப் பழக்குகிறார்களா? அமைச்சரோ செயலாளரோ படிப்பது இரண்டு பக்கம். நாற்பது பக்க ஆய்வை இரண்டு பக்கமாக்கி, முதல் பத்தியிலேயே பரிந்துரையைச் சொல்லும் திறமை தனியாகக் கற்கவேண்டியது. நம் கல்லூரிகளில் இதற்கு நேர் எதிராகப் பக்கத்தை நிரப்பத்தான் பழகியிருக்கிறோம்.

5. பக்கத்தில் உட்காருபவர் யார்? இதைப் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளியில் பல ஆசிய நாட்டு அரசு அதிகாரிகள் வகுப்பில் இருப்பார்கள். இளங்கலை முடித்த கையோடு வந்தவர்களே நிரம்பிய வகுப்பில் விவாதம் வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கே அனுபவம் இல்லையென்றால் அனுபவசாலிகள் இருக்கும் வகுப்பில் கற்பது அதிகம்.

6. வேலைவாய்ப்பு அறிக்கை. அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், நடுவில் இருப்பவரின் சம்பளத்தைக் கேளுங்கள். மொத்த மாணவர்களில் எத்தனை பேர் தகவல் கொடுத்தார்கள் என்பதும் முக்கியம்: நூறு பேரில் நாற்பது பேர் மட்டும் சொல்லியிருந்தால், வேலை கிடைக்காதவர்கள் மௌனமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, அரசே அனுப்பிப் படிக்கவைக்கும் அதிகாரிகள் திரும்பத் தங்கள் பழைய பதவிக்கே போவார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்து "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று சொன்னால் அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

தரவரிசையை எவ்வளவு நம்பலாம்?

குறைவாக. அமெரிக்காவில் யு.எஸ். நியூஸ் வெளியிடும் பொது விவகாரப் பள்ளிகளின் வரிசை, மற்றப் பள்ளிகளின் தலைவர்களும் இயக்குநர்களும் போடும் மதிப்பெண்ணை மட்டும் வைத்தது. கற்பித்தலோ வேலையோ கட்டணமோ அதில் இல்லை. உலகப் பல்கலைக்கழகங்களுக்கான கியூ.எஸ். வரிசையில் இந்தத் துறை சமூகக் கொள்கையும் நிர்வாகமும் என்ற தலைப்பின் கீழ் வருகிறது, அதில் சமூகநலப் படிப்புகளும் கலந்திருக்கும். இந்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் பொதுக்கொள்கை என்று தனிப் பிரிவே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் ஒட்டுமொத்த என்.ஐ.ஆர்.எஃப். எண்ணைக் காட்டி அதன் பொதுக்கொள்கைப் படிப்பை விற்கிறார்கள் என்றால், அது வேதியியல் துறையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்காக வாங்கிய எண்ணாகக்கூட இருக்கலாம். சில ஸ்காலர்ஷிப்புகள் மட்டும் உலகத் தரவரிசையை நிபந்தனையாக வைக்கின்றன. அங்கே மட்டும்தான் அந்த எண்ணுக்கு நேரடிப் பயன்.

இந்தியாவிலா வெளியிலா?

இந்தியாவில் இந்தப் படிப்பு இளசு. பெங்களூரு ஐ.ஐ.எம். 2002லேயே தொடங்கியது, ஆனால் அது பணியில் இருக்கும் அதிகாரிகளை மனதில் வைத்தது. பெங்களூரு தேசியச் சட்டப்பள்ளி 2014இல் இரண்டாண்டுப் பொதுக்கொள்கை முதுகலையைத் தொடங்கியது. சட்டமும் அரசியலமைப்பும் உங்களுக்கு ஈர்ப்பு என்றால் அது பொருத்தம். டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஹைதராபாத் வளாகம் களத்தின் பக்கம் சாயும். மும்பை ஐ.ஐ.டி.யும் டெல்லி ஐ.ஐ.டி.யும் தொழில்நுட்பம், எரிசக்தி, சுற்றுச்சூழல் கொள்கையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு. சோனிபட்டின் ஜிண்டால், ஹைதராபாத்தின் கௌடில்யா போன்ற தனியார் பள்ளிகள் கட்டணத்தில் மேலே இருக்கும், அங்கே கல்விச் சலுகை எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பேசித் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

வெளியில் போவதென்றால் முதல் கேள்வி பணம். என் கருத்து கொஞ்சம் கறாரானது: பொதுக்கொள்கைப் படிப்புக்கு முழுக்கடன் வாங்கி அமெரிக்காவோ லண்டனோ போகாதீர்கள். கணினித் துறையில் அந்தக் கடன் சில ஆண்டில் அடைந்துவிடும் என்று ஒரு காலத்தில் கணக்குப் போட முடிந்தது. பொதுக்கொள்கையில் எந்தக் காலத்திலும் அப்படி இல்லை. இந்தியா திரும்பி ஆய்வு நிறுவனச் சம்பளத்தில் டாலர் கடன் கட்டுவது மாதாமாதம் கழுத்தை இறுக்கும்.

பணம் கிடைக்கும் வழிகள் இருக்கின்றன. பிரின்ஸ்டன் தன் பொது நிர்வாக முதுகலை மாணவர்கள் கிட்டத்தட்ட அனைவருக்கும் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் கொடுக்கிறது. அதனாலேயே இடம் கிடைப்பது அரிது. பிரிட்டனுக்கு செவனிங் உதவித்தொகை, இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, மூன்று ஆண்டு அனுபவம். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தின் கீழ் இரண்டு நாடுகளில் படிக்கும் பொதுக்கொள்கை முதுகலை ஒன்று உண்டு. ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வில்லி பிராண்ட் பள்ளியில் ஆங்கிலத்திலேயே படிக்கலாம், அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் செலவு அமெரிக்காவோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வளரும் நாட்டு மாணவர்களுக்காக ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி. தரும் ஹெல்முட் ஷ்மிட் உதவித்தொகையும் இந்தத் துறைக்கென்றே உள்ளது, அந்த ஆண்டின் நாடுகள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலினப் பழங்குடி மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இருக்கிறது, ஆனால் 2022இல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த தலைப்புகளை அதிலிருந்து விலக்கினார்கள். உங்கள் ஆய்வுத் தலைப்பு எந்தப் பக்கம் விழும் என்பதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது விசா. அமெரிக்காவில் படித்து முடித்தால் ஒரு வருடம் வேலை செய்ய அனுமதி. படிப்பு அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் இரண்டு வருடம். பொதுக்கொள்கைப் படிப்புகளில் தரவு ஆய்வை அதிகம் வைத்திருக்கும் சில மட்டும் அந்தப் பட்டியலில் வரும், கார்னகி மெலனின் ஹைன்ஸ் கல்லூரிப் படிப்பு ஒரு உதாரணம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு படிப்புகளில் ஒன்றுக்கு மூன்று வருடம், மற்றதற்கு ஒரு வருடம் என்றுகூட அமையும், அதனால் விண்ணப்பிக்கும் முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். பிரிட்டனில் படிப்புக்குப் பின் இரண்டு வருடம் இருந்தது, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகிறது. விதிகள் நடுவில் மாறும் என்பதை ஒரு செலவாகவே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஹங்கேரி 2017இல் சட்டத்தை மாற்றியதால் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கே இடம்பெயர வேண்டி வந்தது. ஹார்வர்டு விவகாரம் முதல் தடவை இல்லை.

பட்டமா, சான்றிதழா?

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், பின்னால் பெரிதாகும். டெல்லியின் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பப்ளிக் பாலிசி, பெங்களூரின் தக்ஷசிலா போன்றவை தருவது பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. அவை மோசம் என்று சொல்லவில்லை, தக்ஷசிலாவின் இணையவழிப் படிப்பு வேலையில் இருப்பவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் பின்னாளில் முனைவர் பட்டம், கல்லூரி ஆசிரியர் வேலை, முதுகலை கட்டாயம் என்று சொல்லும் அரசு விளம்பரம் எதையாவது நினைத்திருந்தால், பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கும் பட்டம் தேவை.

வெளிநாட்டு ஓராண்டு முதுகலைக்கும் இதே கேள்வி எழும். பிரிட்டன் பட்டங்களை ஏற்பது குறித்து 2022 ஜூலையில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தபிறகு நிலைமை தேவலை. மற்ற நாடுகளின் ஓராண்டுப் படிப்புக்கு, அது இந்திய முதுகலைக்கு இணையானது என்ற சான்றிதழ் கிடைக்குமா என்று சேரும் முன்பே விசாரியுங்கள். எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு: நம் மூன்றாண்டு பி.ஏ.வை, பி.எஸ்சி.யைச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் போதாது என்று சொல்லும், மொத்தம் 16 ஆண்டுக் கல்வி கேட்கும். அங்கே விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்கவேண்டாம்.

இந்தப் படிப்பே தேவையா?

சிலருக்குத் தேவையில்லை. மூன்று வகையினரைச் சொல்லலாம்.

1. இன்னும் களத்தில் கால் வைக்காதவர்கள். இளங்கலை முடித்த உடனே சேர்வதைவிட இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது, ஸ்காலர்ஷிப்புக்கும் அதுதான் வழி. பி.ஆர்.எஸ். நடத்தும் லேம்ப் ஃபெலோஷிப்பில் ஒரு எம்.பி.யோடு ஏறக்குறைய ஒரு வருடம் வேலை செய்யலாம். தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டம் 2022இல் தொடங்கியது, இரண்டு ஆண்டு, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் அதன் கல்விப் பங்காளி. வெளியே இரண்டாண்டு பணம் கட்டிப் படிப்பதில் ஒரு பகுதியை இங்கே உதவித்தொகையோடு கற்கலாம்.

2. ஆய்வுதான் வாழ்க்கை என்பவர்கள். இவர்களுக்குப் பொருளாதார முதுகலை உறுதியான அடித்தளம். சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. பொருளாதாரத்திலிருந்து கொள்கைக்கு வருவது எளிது, கொள்கையிலிருந்து பொருளாதார முனைவர் பட்டத்துக்குப் போவது கடினம்.

3. கையில் பணமும் இல்லை, பட்டத்தின் பெயரும் கைகொடுக்காது என்பவர்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தரவு, பொருளாதாரம், வளர்ச்சிக் கொள்கை என்ற தலைப்பில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் இணையப் படிப்பு, நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சேர்ந்து உருவாக்கியது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். அதை நன்றாக முடித்தவர்கள் எம்.ஐ.டி.யின் முதுகலைக்கே விண்ணப்பிக்கலாம், இளங்கலைப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. சேர்க்கை கிடைக்காமல் போனாலும், புள்ளியியலும் தாக்க மதிப்பீடும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும். எந்தப் பள்ளிக்கு விண்ணப்பிப்பவரும் இதில் ஒரு பாடத்தையாவது முதலில் எடுத்துப் பார்க்கலாம் என்பேன்.

காலக்கணக்கு

அமெரிக்கப் பள்ளிகளின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழும். செவனிங் ஆகஸ்ட்டில் திறந்து அக்டோபர்வாக்கில் மூடிவிடும், அதாவது பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதற்கு முன்பே ஸ்காலர்ஷிப்புக்கு எழுத வேண்டும். இந்தியப் பள்ளிகளின் நுழைவுத் தேர்வுகள் அதற்குப் பிறகு வரும், தேசியச் சட்டப்பள்ளிக்குத் தனித் தேர்வு. ஆகவே அடுத்த ஆண்டு சேர நினைப்பவர்கள் ஜூன், ஜூலையிலேயே மூன்று அல்லது நான்கு பள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டாண்டுக்கு முன் முடித்த இருவருக்கு எழுதுங்கள். பள்ளி எப்படி என்று கேட்டால் எல்லோரும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார்கள். முடித்தபின் முதல் வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று, அதைப் பள்ளி வாங்கித் தந்ததா நீங்களே தேடினீர்களா, கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பலர் பதில் சொல்லத் தயங்குவார்கள், அதனால் அதை எழுத்தில் கேட்காமல் தொலைபேசியில் கேட்பது நல்லது.